குளிர்காலத் தூண்டிற் போட்டி

மீன்பிடித்தல் என்ற அளவில் நம் நினைவிற்கு வருவன வலையும் ஓடமும் வயிற்றுப்பாடுமேயாம். நற்செய்தி நூல்களிலும் தூண்டிலைப் பற்றிய பேச்சு ஓரிடத்தில்தான் வருகின்றது. வரிப்பணத்தின் பொருட்டுப் பேதுரு கடலில் தூண்டிலிட்ட வரலாறு அது. இங்கிலாந்திலோ தூண்டில் நெடுங்காலமாகவே பொழுதுபோக்கிற்கும் உரிய கருவியாயிற்று. ஐசக் வால்ட்டன் என்பார் 1653-ஆம் ஆண்டில் வெளியிட்ட தூண்டில் நூலை அந்நாட்டார் இன்றும் படித்து வருகின்றனர். அங்கே பிடித்த மீனை உண்ணாமல், நிறுத்துப் பார்த்து, உயிருடன் நீரிலேயே விட்டுவிடும் போட்டியொன்று உண்டு. அஃது இரை கொள்ள மீனுக்கு மனமில்லாத கடுங்குளிரிலும் நடைபெறுகின்றது. அதன் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கிலேயர் தூண்டிலுக்குரிய நன்னீர் மீன்களை இரு வகுப்பாகப் பிரிப்பர். சால்மன், டிரவுட்டு முதலியன ஒரு வகுப்பு. கார்ப்பு, ரோச்சு, பிரீம், டென்ச்சு, பெர்ச்சு முதலிய ஏனையவற்றைக் 'கோர்ஸ்' மீன், அதாவது பரும்படி மீன் என்பர். பெயர் இழிவாயினும் பொதுமக்களின் அன்பு பெரிதும் இவற்றின்மேலதே. இவை முட்டையிடும் பருவத்தில் பிடிக்கலாகாதென 1878-இல் ஒரு சட்டம் எழுந்தது. அத்தடை ஆறுகளில் மார்ச்சு 15 முதல் ஜூன் 15 வரை இன்றும் உள்ளது. பெரும்பாலான குளங்களுக்கு மட்டும் 1995-இல் நீக்கப்பட்டது. கார்ப்பு நமக்கும் முற்றிலும் அயலானதன்று. இலங்கையினின்று 1939-இல் நீலகிரிக்குக் கொணரப்பட்ட கெண்டை இனம் அதுவே.

போட்டி நடைபெறும் இடம் கட்டணக் குளம். நிலவுடையார் தம் நிலத்தில் குளம் வெட்டி, கார்ப்பு முதலிய மீன்களை நிரம்ப விட்டு, நாட்கூலி போல நாட்கட்டணம் பெற்றுத் தூண்டிலிடுவோரை அனுமதிக்கின்றனர். வார்விக்ஷயரிலுள்ள டனல் பார்ன் பண்ணை இத்தகைய இடங்களுள் பெயர் பெற்றது. பல குளங்கள் கால்வாய் போல ஒடுங்கி நீண்டிருக்கும்; ஆழம் ஓராள் மட்டத்திற்கு மேற்படுவது அரிது. கரையெங்கும் எண்ணிட்ட இருக்கைகள் அமைந்திருக்கும். கோடையில் இங்கு நூறு ராத்தல் மீன் பிடிப்பது வியப்பன்று. தை மாதக் குளிரிலோ சில ராத்தலே ஒருவனுக்குப் பரிசை ஈட்டித் தருதல் கூடும்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தாலன்றிப் போட்டியின் நுட்பம் விளங்காது. நம் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும். இம்மீன்களின் உடலோ சூழ்ந்த நீரின் வெப்பநிலையையே அடையும். நீர் 10 பாகை செண்டிகிரேடு குளிருமாயின் உடலினுள் நிகழும் வேதிச் செயல்களின் விரைவு பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறையும். கார்ப்பிற்கும் அதன் இனத்தவற்றிற்கும் இரைப்பை என்பதே இல்லை. விழுங்கிய இரை நேரே குடலிற் புகும். குடலும் குளிரில் மெல்லவே வேலை செய்யுமாதலின், கோடையில் ஓயாது மேயும் மீன் இப்போது சிறிது கொறித்து நெடுநேரம் வாளாவிருக்கும். தன் ஆற்றலை வீணாக்காதபடி இடம் பெயர்தலையும் தவிர்த்து, கூட்டமாய் ஓரிடத்தில் அடைந்து கிடக்கும். பத்து முழத்திற்கு அப்பால் கூட்டம் இருப்பினும், வெறும் நீரில் தூண்டிலிட்டவன் மாலைவரை ஒன்றும் காணான்.

தண்ணீர் 4 பாகையில் மிகுந்த அடர்த்தி உடையதென்பது பௌதிக மாணவர் அறிந்தது. ஆகவே, ஆழ்ந்த ஏரியில் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் அவ்வெப்பநிலை நிற்கும். ஆழமற்ற குளத்தையோ காற்றுக் கலக்கிவிடுவதால் அடிநீரும் அதனினும் குளிர்ந்துவிடக்கூடும். எனவே, தேர்ந்தவர் காற்று மறைந்த அமைதியான பக்கத்தை விரும்புவர். மீன்கள் சேற்றைக் கிளறாமையாலும் நுண்பாசி குறைவதாலும் நீரும் தெளிந்துவிடும். தெளிந்த நீரில் தடித்த நரம்பு மீனுக்கு ஐயமூட்டும்.

காலையில் ஒவ்வொருவரும் பையில் கைவிட்டுச் சீட்டெடுப்பர். சீட்டிலுள்ள எண்ணே அன்றைய இருக்கை. வரிசையின் கோடியிலுள்ள இருக்கை கிடைத்தவர் முகம் மலரும். பலர் அமர்ந்து நீரைக் கலக்கும்போது மீன்கள் ஆளற்ற பக்கம் ஒதுங்குமன்றோ! சீட்டே பாதி வெற்றி என்பர் சிலர். நல்ல இருக்கையை அளவறியாது கெடுத்துக்கொள்வார் பலராதலின், அதனை நாம் முழுதும் ஒப்புக்கொள்ளோம். பனிக்கட்டி மூடியிருந்தால் அதனை உடைத்து வழிசெய்த பின்னரே தூண்டிலிடுதல் இயலும்.

கருவிகளும் பருவத்திற்கேற்பச் சுருங்குகின்றன. கரியிழையாலாகிய கழி 16 மீட்டர் வரை நீளும். அதன் நுனியினுள் ஓடும் ரப்பர்க் கயிறு மீனின் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். நரம்பு 0.10 மில்லிமீட்டர் அளவே பருமன். முள்ளின் எண் கூடக்கூட அதன் உருவம் சிறுக்கும்; 18, 20 என்பன குளிர்காலத்திற்கு ஏற்றவை. மீனின் வாயைக் கிழிக்காதபடி எதிர்க்கூர் இல்லாத முள்ளையே பெரும்பாலான குளங்களில் ஏற்கின்றனர். நரம்பிற் கோக்கும் சிறு குண்டுகள் முன்னர் ஈயத்தாலாயவை. அவற்றை விழுங்கி அன்னங்கள் மடிந்தமையால் 1987-இல் சட்டம் அவற்றை விலக்கிற்று. தக்கையின் நுனி தீக்குச்சியினும் மெல்லியது. அது மயிரிழையளவு தாழ்வதே மீன் தொட்டதற்கு அடையாளம்.

இனி இரையைப் பற்றிக் கூறுவோம். வெற்றி தோல்வி பெரிதும் இதிலேயே அடங்கும். ஈப்புழுக்களும், துளைகருவியால் வெட்டிய ரொட்டிச் சில்லும், சிறு தீனி உருண்டைகளும் வழங்குகின்றன. கழி நுனியிற் கட்டிய சிறு கிண்ணியால் ஆறு புழுக்களைத் தக்கைக்கு நேர் கீழே கவிழ்ப்பான் ஒருவன். மீன் தொடும்வரை ஏழாவது புழுவை இடான். அருகிலிருப்பவனோ பொறுமை இழந்து கைப்பிடி கைப்பிடியாய் வீசுவான். வீசியதை மீண்டும் எடுத்தல் இயலுமோ? அஃது அடியிற் கிடக்கும். பசியற்ற மீன் அதிற் சிறிது தின்று அமைந்துவிடும். முள்ளிற் கோத்த ஒரு புழுவை நாடவேண்டிய காரணமே அதற்கு இராது. பத்து மணிக்குச் செய்த இப்பிழையின் பயனை அவன் மூன்று மணிவரை விரல் விறைக்க இருந்து நுகர்வான். மற்றவனோ ஒரு தடத்தில் மீன் அடங்கியதும் அதனை ஓய்வாக விட்டு, வேறொரு தடத்திற்குச் சென்று, அரைமணி கழித்து மீள்வான். ரோச்சும் பெர்ச்சும் கார்ப்பைவிடக் குளிரில் எளிதாய் இரை கொள்ளுமாதலின், அவுன்சு அவுன்சாய் அவற்றைச் சேர்ப்பதா, ஒரு பெரிய கார்ப்பிற்காகக் காத்திருப்பதா என்னும் ஐயம் நாள் முழுதும் அவனை வருத்தும். பொழுது சாயும் கடைசி மணிநேரத்தில் மீன்கள் சிறிது எழுச்சி கொள்வதுண்டு. அப்போது எவன் தடம் தூய்தாயிருக்கின்றதோ அவனுக்கே அவை வாய்க்கும்.

முடிவுக் குரல் கேட்டதும் தூண்டிலை எடுத்துவிட வேண்டும். நிறுப்போர் தராசுடன் இருக்கைதோறும் வருவர். நீருள் தொங்கும் வலைக்கூட்டை மெல்லத் தூக்கி, மீன்களை நிறுத்து, ராத்தலும் அவுன்சும் குறித்து, உடனே குளத்தில் விடுவர். ஒன்றிரண்டு சிறு மீன்களே பெற்றவர் தராசு வருமுன்னரே கூட்டைக் கவிழ்த்து மீன்களை விட்டுவிடுதலும் வழக்கம். அவர்க்கு நேரே, எடை காட்டவில்லை என்று மட்டும் பதிவேட்டில் எழுதுவர்.