அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காது... ஆபரேஷனுக்கு எந்த ஊசி போடலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. இருபது வருடங்களுக்கு முன்பு தொண்டை வலிக்கு அமாக்சிசிலின் மாத்திரை சாப்பிட்டார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்து அரித்தது. மாத்திரையை நிறுத்தியதும் தானாகச் சரியாகிவிட்டது, வேறு வைத்தியம் எதுவும் செய்யவில்லை. அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஃபைலின் மேலேயே 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். 'செஃபசோலின் ஊசி போடலாம்' என்கிறார் எலும்பு டாக்டர். வழக்கமாக மருந்து வாங்கும் மெடிக்கல் ஷாப் அண்ணனோ, 'அதுவும் பென்சிலின் குடும்பம்தான், போடவிடாதீர்கள்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, விருதுநகர்

பதில்: எலும்பு டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். மெடிக்கல் ஷாப் அண்ணனும் ஆதாரமில்லாமல் பேசவில்லை. நாங்கள் படித்த காலத்துப் புத்தகங்களிலும், பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் 100-க்கு 10 பேருக்கு செஃபசோலின் உள்ளிட்ட செஃபலோஸ்போரின் மருந்துகளும் ஒத்துக்கொள்ளாது என்றுதான் இருந்தது. ஆரம்ப கால செஃபலோஸ்போரின்களில் பென்சிலின் சிறிதளவு கலந்திருந்ததும் அந்தக் கணக்கு கூடியதற்கு ஒரு காரணம். இன்றைய கணக்கு 100-க்கு ஏறக்குறைய 2.

இரண்டு மருந்துகளுக்கும் பீட்டா-லாக்டம் என்ற வளையம் பொது. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் அடையாளம் கண்டு சீறுவது அந்த வளையத்தைப் பார்த்தல்ல, அதில் ஒட்டியிருக்கும் பக்கச் சங்கிலியைப் பார்த்துத்தான். சித்தப்பா மகன் என்பதற்காக முகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையே! செஃபசோலினின் பக்கச் சங்கிலி எந்தப் பென்சிலினிலும் கிடையாது. அதனால்தான் உங்கள் டாக்டர் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதே குடும்பத்தில் செஃபலெக்சின், செஃபட்ராக்சில், செஃபாக்ளர் ஆகியவை அமாக்சிசிலின், ஆம்பிசிலினின் சாயலைக் கொண்டவை. அமாக்சிசிலின் அலர்ஜி உண்மையாகவே உள்ளவர்கள் தவிர்க்க வேண்டியவை இவைதான்.

'எதற்கு வம்பு, வேறு ஏதாவது போடட்டுமே' என்று தோன்றும். அந்த 'வேறு ஏதாவது'தான் எனக்குக் கவலை தருகிறது. செஃபசோலினைக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் சில நிமிடங்களில் ஏற்றிவிடலாம். அதற்கு மாற்றாகப் போடும் வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் உடம்பு சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். கிளிண்டாமைசினோ கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியது. மூட்டு மாற்று ஆபரேஷன் உள்ளிட்டவற்றை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பென்சிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களுக்குக் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. காரணம் அலர்ஜி அல்ல, அதற்குப் பயந்து போட்ட மாற்று மருந்து. செயற்கை மூட்டில் சீழ் பிடித்தால் மூட்டையே கழற்ற வேண்டிவரலாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த அலர்ஜி உண்மையிலேயே இருக்கிறதா? பென்சிலின் ஒத்துக்காது என்று சொல்பவர்களை முறைப்படி சோதித்தால், 10 பேரில் 9 பேருக்கு அது ஒத்துக்கொள்கிறது. வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்புக்குப் பழி மாத்திரை மேல் விழுந்திருக்கும். உண்மையான அலர்ஜியும் காலப்போக்கில் மறையும், பத்து ஆண்டுகளில் 100-க்கு 80 பேருக்கு மறைந்துவிடுகிறது.

டாக்டர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் நடந்ததா? மூச்சுத் திணறல், உதடு, முகம் வீக்கம், மயக்கம் அல்லது தோல் உரியும் அளவுக்குக் கொப்புளம் வந்ததா? அதற்கு வைத்தியம் தேவைப்பட்டதா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு மதிப்பெண் பூஜ்யம். இப்படிப்பட்டவர்களில் உண்மையான அலர்ஜி இருப்பது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. இவர்களுக்கு ஆஸ்பத்திரியில், அவசர மருந்துகளைத் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு வேளை அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்துக் குறைந்தது ஒரு மணி நேரம் கண்காணித்தே முடிவு சொல்லிவிடலாம். இதை ஒருபோதும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். தோல் உரிந்து, வாயிலும் கண்ணிலும் புண் வந்தவர்களுக்கு இந்தச் சோதனையே கூடாது, பென்சிலின் அவர்களுக்கு ஆயுளுக்கும் வேண்டாம்.

அலர்ஜி இல்லை என்று உறுதியாகும்வரை மருந்து அட்டையில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்து வாங்குங்கள். ஆக்மென்டின், கிளாவம், மாக்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது அமாக்சிசிலின்தான். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் பிபராசிலின்-டாசோபாக்டமும் பென்சிலினே. அஸித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரன்டாயின் ஆகியவற்றுக்கும் பென்சிலினுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அஸித்ரோமைசினே ஆபத்தாகலாம்.

ருமாட்டிக் இதய நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசிதான் அவர்களின் இதய வால்வுகளுக்குக் காவல். எப்போதோ வந்த சாதாரணத் தடிப்பை நினைத்து அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முதலில் டாக்டரிடம் விசாரியுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன மருந்து, எத்தனையாவது நாள், என்ன வந்தது, எப்படிச் சரியானது. இந்த இருபது வருடத்தில் அம்மா ஆக்மென்டினோ செஃபிக்சிமோ சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தால் அதையும் தவறாமல் எழுதுங்கள். பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். சோதனையில் அலர்ஜி இல்லை என்று தெரிந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, எல்லா ஃபைலிலும் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.