பத்து மணி நேரத்தில் ஒரு பாலை நகரம்

நுழையும்முன்

நெடுந்தொலைவு விமானப் பயணத்தில், ஒரு விமானத்திலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறுவதற்கு இடையே சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஓர் ஊரில் தங்க நேர்வது உண்டு. இதனை இடைத்தங்கல் என்பர். அக்குறுகிய பொழுதில் முன்பின் அறியாத நகரம் ஒன்றைக் கண்டுவர இயலுமா? இயலுமெனில் எதைக் காண்பது, எதை விடுவது? பாலைநிலத்தில் எழுந்த துபாய் நகரை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

துபாய் பன்னாட்டு விமான நிலையத்தை 2024ஆம் ஆண்டில் 9 கோடியே 23 இலட்சம் பயணிகள் பயன்படுத்தினர். அந்நகரின் மக்கள்தொகையோ நாற்பது இலட்சத்தை ஒட்டியது. வந்தவர்களுள் பெருந்தொகையினர் வேறோர் ஊருக்குச் செல்லும் வழியில் இறங்கியவர்கள். அவர்களுள் பலர் நிலையத்தின் கடைகளிலும் நாற்காலிகளிலும் பொழுதைக் கழித்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுகின்றனர். சிலர் மட்டும் வெளியே சென்று நகரைப் பார்க்க விரும்புகின்றனர். அவ்விருப்பம் நல்லதே. ஆயினும் திட்டமின்றி வெளியேறுபவர் நகரையும் காணாமல், அடுத்த விமானத்தையும் தவறவிட்டுத் திகைத்து நிற்க நேரிடும்.

பொழுதைக் கணக்கிடல்

சென்னையிலிருந்து துபாய் வழியாக இலண்டன் செல்லும் பயணி ஒருவர், துபாய் நேரப்படி காலை 7 மணிக்கு வந்திறங்குகிறார் எனக் கொள்க. இலண்டன் விமானம் மாலை 5 மணிக்குப் புறப்படும். பத்து மணி நேரம் கையில் இருப்பதாக அவருக்குத் தோன்றும். அது தோற்றமே.

விமானத்திலிருந்து இறங்கி, நெடிய கூடங்களைக் கடந்து, குடிநுழைவுச் சோதனையை முடித்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பன்னாட்டு விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்திற்குத் திரும்பிவிடுவதே பாதுகாப்பானது. ஆகவே காலை 8.30 முதல் பிற்பகல் 2 மணி வரையிலான ஐந்தரை மணி நேரமே நகருக்கு உரியது. அதிலும் போக்குவரவுக்கு ஒரு மணி நேரம் சென்றால் எஞ்சுவது நான்கரை மணி நேரம். பத்து என்று எண்ணித் திட்டமிட்டவர் பதறுவார். நான்கரை என்று அறிந்தவர் அமைதியாக நடப்பார்.

கைக்கடிகாரத்திலும் கருத்து வேண்டும். துபாய் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். மணிக்கட்டிலுள்ள கடிகாரம் மாற்றிக்கொள்ளாது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்புவோர் உண்டு.

எதிர்பாராதவற்றிற்கும் சிறிது பொழுதை விட்டுவைக்க வேண்டும். பாலைவன நகரில் மழையால் பயணம் தடைபடும் என்று எவரும் எண்ணியிரார். ஆனால் 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த மழை, அந்நாட்டில் மழையளவு பதியத் தொடங்கிய 1949ஆம் ஆண்டு முதல் அதுவரை காணாதது. சாலைகளும் ஓடுதளங்களும் நீரில் மூழ்கின. பல்லாயிரம் பயணிகள் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டனர்.

புறப்படும்முன் அறிய வேண்டியவை

இடைத்தங்கலின் முதற்படி பயணச்சீட்டு அன்று, நுழைவிசைவு. விமான நிலையத்தின் உள்ளேயே இருப்போருக்கு அது தேவையில்லை. வெளியே செல்ல விரும்பும் இந்தியக் கடவுச்சீட்டினர் பொதுவாக முன்னதாகவே நுழைவிசைவு பெற வேண்டும். இடைத்தங்குவோருக்கென 48 மணி நேரத்திற்கும் 96 மணி நேரத்திற்கும் உரிய விசாக்கள் உள்ளன. விதிகள் அவ்வப்போது மாறுவதால், சென்ற ஆண்டு சென்றுவந்த உறவினரின் சொல்லை நம்பாமல், விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்தல் வேண்டும்.

பெட்டியில் இருப்பவற்றையும் ஒருமுறை ஆராய வேண்டும். தமிழ்நாட்டுச் சமையலறையில் குருமாவிற்கும் பாயசத்திற்கும் அரைத்துச் சேர்க்கப்படும் கசகசா, அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். அது அபினிச் செடியின் விதை என்பதே காரணம். அயல்நாட்டில் வாழும் மகளுக்கென அன்னை கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலம், வழியில் இறங்கும் நாட்டில் குற்றப்பொருளாகிவிடக்கூடும். சில வலிநீக்கி மருந்துகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. மருத்துவரின் சீட்டு உடனிருத்தல் நலம்.

அடுத்து, பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை காலையும் மாலையும் இதமானவை. சூன் முதல் செப்டம்பர் வரை வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும். கடற்காற்றின் ஈரம் அதனோடு சேரும்போது நிழலில் நிற்பதே கடினம். அக்காலத்தில் திறந்தவெளியில் காண வேண்டியவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கிழமையும் கருதத்தக்கது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்குரிய வேளை. பழைய சந்தைக் கடைகள் பல அப்போது மூடியிருக்கும்.

கோபுரமா, கடற்கழியா?

துபாய் என்றவுடன் நினைவுக்கு வருவது புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர் உயரமுடைய இக்கட்டடம் 2010 சனவரி 4 அன்று திறக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ தொடர்வண்டியின் சிவப்புத் தடத்தில் நேரே அங்குச் செல்லலாம். நிலையத்திலிருந்து நீண்ட நடைபாலம் பேரங்காடிக்கு இட்டுச்செல்லும். அங்கு வரிசையில் நின்று, மின்தூக்கியில் ஏறி, மேலிருந்து பார்த்து, இறங்கி வருவதற்குள் நான்கரை மணி நேரத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். மேலிருந்து காண்பவை சாலைகளும் கட்டட முகடுகளும் அவற்றுக்கு அப்பால் மணலும் கடலும். அக்காட்சி வியப்பளிப்பதே. எனினும் இந்நகரம் இவ்விடத்தில் ஏன் தோன்றியது என்ற வினாவிற்கு அவ்வுயரத்தில் விடை இல்லை. கோபுரத்தையோ நகரின் பல பகுதிகளிலிருந்தும் தொலைவில் நின்றே காணலாம்.

விடை கீழே இருக்கிறது, கடற்கழியின் கரையில். ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டிய பயணிக்கு அதுவே தக்கது. விமான நிலையத்திலிருந்து சிவப்புத் தடத்தில் 'யூனியன்' வரை சென்று, பச்சைத் தடத்திற்கு மாறி, 'அல் ராஸ்' நிலையத்தில் இறங்கினால் பழைய தேரா பகுதி. (ஓட்டுநர் இன்றியே இயங்கும் இவ்வண்டியில் தண்ணீர் அருந்தினாலும் தண்டம் உண்டு என்பதை நினைவிற் கொள்க.) இறங்கி நடந்தால் நறுமணப் பொருள் சந்தையின் சந்துகள். ஏலமும் பட்டையும் குங்குமப்பூவும் உலர்ந்த எலுமிச்சையும் சாக்குகளில் குவிந்திருக்கும். அருகிலேயே பொன் சந்தை. கரைக்கு வந்தால் 'அப்ரா' எனப்படும் சிறு மரப்படகுகள். ஒரு திர்ஹம் கொடுத்து ஏறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரையான பர் துபாய். உலகின் மிகச் செலவுமிக்க நகரங்களுள் ஒன்றில், மிகச் சிறந்த காட்சி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

கழி வளர்த்த நகரம்

துபாயை எண்ணெய் வளர்த்தது என்பது பலர் கொண்டுள்ள கருத்து. அது பாதி உண்மை. நிலத்தினுள் நுழைந்து கிடக்கும் இக்கடற்கழிதான் முதலில் ஊரை உண்டாக்கியது. புயலுக்கும் அலைக்கும் அஞ்சிய மரக்கலங்கள் ஒதுங்க அது இடம் தந்தது. முத்துக் குளிப்போர் அதன் கரையில் வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிர்க்கரையிலுள்ள பாரசீகத் துறைமுகங்களில் வரி உயர்ந்தபோது, துபாயின் ஆட்சியாளர் தம் துறைமுகத்தில் வரியை நீக்கி வணிகரை வரவேற்றார். பாரசீக வணிகர் பலர் குடும்பத்துடன் குடிபெயர்ந்தனர். இந்திய வணிகரும் கரையில் கடை விரித்தனர்.

1930ஆம் ஆண்டை ஒட்டி இந்நகரை ஒரு பேரிடி தாக்கியது. சப்பானியர் வளர்ப்பு முத்தை மலிவாக விற்கத் தொடங்கினர். உலகப் பொருளாதாரப் பெருமந்தமும் உடன் வந்தது. முத்துத் தொழில் வீழ்ந்தது. அக்காலத்தில் வருவாய்க்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று, வழியிற் செல்வோருக்கு இடம் தருவது. பிரித்தானியாவிலிருந்து இந்தியா நோக்கிப் பறந்த நீர்விமானங்கள் இக்கழியில் இறங்கிச் செல்ல 1937ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது. ஓடுதளமே இல்லாத ஊரில், நீரே ஓடுதளமாயிற்று. இன்று கோடிக்கணக்கானோர் மேற்கொள்ளும் இடைத்தங்கலின் முன்னோடிகள் அந்நீர்விமானப் பயணிகளே.

மணல் படிந்து கழி தூர்ந்துகொண்டே வந்தது. பெரிய கலங்கள் கடலிலேயே நங்கூரமிட, சரக்குகளைச் சிறு படகுகளில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் குவைத்திடம் கடன் பெற்று, 1959ஆம் ஆண்டையொட்டிக் கழியைத் தூர்வாரச் செய்தார். 1960இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் ஓடுதளம் இறுக்கப்பட்ட மணல்தளமே. துபாயில் எண்ணெய் கண்டறியப்பட்டது 1966இல். கடனும் தூர்வாரலும் விமான நிலையமும் அதற்கு முந்தியவை. எண்ணெய் பின்னர் விரைவைக் கூட்டியது. துறைமுகங்களும் சாலைகளும் அப்பணத்தில் எழுந்தன. பாதையை வகுத்தது வணிகர்க்கும் வழிப்போக்கர்க்கும் கதவைத் திறந்துவைத்த முடிவு.

தெரிந்து தெளிவோம்

1959 முதல் வளைகுடாப் பகுதிகளில் புழங்குவதற்கென்றே இந்திய ரிசர்வ் வங்கி 'வளைகுடா ரூபாய்' தாள்களை வெளியிட்டது. அதற்கு முன் இந்திய ரூபாயே அங்கு வழங்கியது. 1966இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதை அடுத்துத் துபாய் வேறு பணத்திற்கு மாறியது. திர்ஹம் 1973இல் அறிமுகமானது.

காற்றைப் பிடித்த கோபுரங்கள்

பர் துபாய்க் கரையில் இறங்கிச் சற்றுத் தொலைவு நடந்தால் அல் ஃபஹிதி குடியிருப்பு. பாரசீகத்திலிருந்து வந்த வணிகர் கட்டிய இல்லங்கள் இங்கு உள்ளன. பவளப்பாறைக் கற்களை அடுக்கிச் சுண்ணச் சாந்து பூசிய தடித்த சுவர்கள்; இருவர் ஒருங்கே நடக்குமளவு குறுகிய சந்துகள். சந்து குறுகியிருப்பதால் பகலின் பெரும்பொழுது நிழல் தங்கும். இல்லங்களின் மேல் சதுரக் கோபுரங்கள் எழுந்து நிற்கும். அரபியில் இவை 'பர்ஜீல்' எனப்படும்.

இக்கோபுரம் நான்கு பக்கமும் திறந்தது. உள்ளே குறுக்குச் சுவர்கள் அதை நான்கு அறைகளாகப் பிரிக்கும். எத்திசையிலிருந்து காற்று வந்தாலும் ஒரு பக்கம் அதனைப் பிடித்துக் கீழே உள்ள அறைக்குள் செலுத்தும். அறையின் வெப்பக்காற்று மறுபக்கம் வழியாக மேலேறி வெளியேறும். மின்சாரம் இன்றி இல்லத்தைக் குளிர்வித்த இப்பொறியியல், குளிரூட்டிகள் வந்தபின் தேவையற்றதாகக் கருதப்பட்டது. 1980களில் இக்குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கும் எண்ணம் பின்னரே வலுப்பெற்றது. கண்ணாடிக் கட்டடங்களைக் குளிர்விக்க அந்நகரம் இன்று செலவிடும் மின்சாரத்தை எண்ணினால், இடித்தது எத்தனை பெரிய பிழை என்பது விளங்கும்.

பாலையும் பிரிவும்

தமிழ்மரபில் பாலை என்பது மணல்வெளி அன்று. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலம். பிரிதலும் பிரிதல் நிமித்தமும் அதன் உரிப்பொருள். பொருள் தேடிப் பிரியும் தலைவன், வருவேன் என்று சொன்ன பருவத்தை எண்ணிக் காத்திருக்கும் தலைவி ஆகியோரின் திணை அது. அரேபியப் பாலைக்கும் சங்கப் பாலைக்கும் நிலத்தால் தொடர்பில்லை. ஆனால் துபாய் மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் பிற நாட்டினர். பொருள்வயிற் பிரிந்து வந்தவர். இந்தியரே அவர்களுள் மிகுதி. தேராவின் தெருக்களில் மலையாளமும் இந்தியும் உருதும் வங்காளமும் போலவே தமிழும் கேட்கும். கடை ஊழியராகவும் பொறியாளராகவும் கட்டுமானத் தொழிலாளராகவும் வாழும் அவர்களுள் பலருடைய குடும்பம் ஊரில் இருக்கிறது. விடுமுறை நாளை எண்ணி அங்கு ஒரு மனைவி காத்திருக்கிறாள்.

அமீரகத்தில் ஆண்டுதோறும் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளியில் தொழிலாளரை வேலை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது. இடைத்தங்கும் பயணி அதே வேளையில் குளிரூட்டப்பட்ட வண்டியில் அமர்ந்து கட்டடங்களைப் படம்பிடித்தவாறு திரும்பிக்கொண்டிருப்பார். அக்கட்டடங்களின் நிழலில் உணவுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்போரையும் அவர் காணக்கூடும். அவர்களைப் படம்பிடித்தல் ஆகாது. இசைவின்றிப் பிறரைப் படமெடுப்பது அங்குக் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அது பண்பும் அன்று. ஊர்ப்பெயர் சொல்லி இரண்டு சொற்கள் பேசினால் மகிழ்வர்.

பிற்பகல் 1.30 மணிக்கு அப்பயணி பர் துபாயிலுள்ள 'அல் குபைபா' நிலையத்தில் வண்டி ஏற வேண்டும். பச்சைத் தடம் கழியின் அடியில் சுரங்கமாகச் செல்கிறது. காலையில் ஒரு திர்ஹம் கொடுத்துப் படகில் கடந்த அதே நீருக்குக் கீழே, அவர் இப்போது விமான நிலையம் நோக்கிச் செல்கிறார்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர்வழியே செல்லும் பயணி ஒருவருக்கு ஐந்து மணி நேரம் உள்ளது எனக் கொண்டு, அவர் காண வேண்டிய ஓரிடத்தைத் தேர்ந்து, காரணத்துடன் நேரத் திட்டம் ஒன்றை உருவாக்குக.

2. அயல்நாட்டில் பணிபுரிந்து திரும்பிய ஒருவரைச் சந்தித்து, அவர் அந்நாட்டில் முதல் நாள் கண்டவற்றைக் கேட்டு எழுதுக.