டிஃபெண்டர் ஆன் ஆக மறுக்கிறதா? அணைத்தது யார் என்று முதலில் பாருங்கள்

டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கேடயத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்திருக்கும். திறந்து பார்த்தால் 'ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன்' ஆஃபில் இருக்கும். பட்டனைத் தட்டினால் ஒரு நொடி ஆன் ஆகிவிட்டு மறுபடி ஆஃபுக்கே போய்விடும். சிலருக்கு அந்தப் பட்டன் சாம்பல் நிறமாகி, தட்டவே முடியாமல் இருக்கும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் இந்தத் தொல்லை உண்டு.

உடனே நெட்டில் தேடி, 'டிஃபெண்டர் ஃபிக்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும் ஏதோ ஒரு புரோகிராமை இறக்கிப் போட்டுவிடாதீர்கள். பாதுகாப்பே இல்லாத கணினியில் முகம் தெரியாத ஒருவரின் புரோகிராமை ஓடவிடுவது, இருக்கும் ஆபத்தைப் பெரிதாக்கும். நிதானமாகப் பார்த்தால் காரணம் பிடிபடும். டிஃபெண்டரை நாமே அணைத்தாலும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஆன் ஆகும்படிதான் மைக்ரோசாஃப்ட் அதைச் செய்திருக்கிறது. அப்படியும் ஆன் ஆகவில்லை என்றால் வேறு ஏதோ அதைத் தடுக்கிறது. வேறொரு ஆன்டிவைரஸ், அலுவலகம் போட்டு வைத்த விதி, பழுதான விண்டோஸ் ஃபைல், வைரஸ் ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். எது என்று தெரிந்துகொண்ட பிறகு கை வையுங்கள்.

அதுவரை அந்தக் கணினியில் நெட் பேங்கிங், யுபிஐ, மெயில் லாகின் எதுவும் வேண்டாம். தெரியாத பென் டிரைவ் எதையும் செருகாதீர்கள்.

முதல் வேலை ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி ஆன் செய்தால் போதாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்' வசதி இருக்கும் கணினியில் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை, அதன் நிலை அப்படியே சேமிக்கப்பட்டுவிடுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். பாதி இறங்கி நின்ற அப்டேட் காரணமாக வந்த தொல்லை என்றால் இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் சான்றிதழைக் கணினி நம்பாது. அதனால் அப்டேட் இறங்காது, டிஃபெண்டரும் தடுமாறும். தேதி, நேரம், டைம் ஸோன் மூன்றையும் சரிசெய்து, விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓட விடுங்கள். அந்த பேட்டரிக்கு சிஆர்2032 என்று பெயர், வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் வேறு ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, கீழே இருக்கும் செட்டிங்ஸில் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்பதைத் தட்டுங்கள். இந்தக் கணினிக்குக் காவல் யார் என்பது அங்கே பெயரோடு இருக்கும். வேறொரு ஆன்டிவைரஸ் பதிவாகியிருந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, கோளாறு அல்ல. புது லேப்டாப்போடு ட்ரயலாக வந்த மெக்அஃபீ, நார்ட்டன் போன்றவையும், சென்னையின் கே7, புனேவின் குயிக் ஹீல் போன்றவையும் இந்த வகை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சந்தா முடிந்தும் புதுப்பிக்காமல் விட்டபோதும், சரியாக நீக்காமல் விட்டபோதும்தான். அப்போது அதுவும் காவல் காக்காமல், டிஃபெண்டருக்கும் வழிவிடாமல் கணினி நிராதரவாக நிற்கும்.

பணம் கட்டிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதைப் புதுப்பியுங்கள், டிஃபெண்டரை விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். அதற்குப் பிறகும் எச்சம் தங்கியிருந்தால், அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். மெக்அஃபீ, நார்ட்டன், அவாஸ்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கருவி உண்டு. அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இனி, பட்டனுக்கு மேலே சிவப்பு எழுத்தில் வரும் ஒரு வரி. 'இந்த செட்டிங்கை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த லேப்டாப் என்றால் இது இயல்பு. நீங்கள் எதையும் மாற்றாமல் ஐ.டி. பிரிவிடம் சொல்லுங்கள். சொந்தக் கணினியில் வந்தால், செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' போய் 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' பகுதியைப் பாருங்கள். வேலையை விட்டு வந்த பிறகும் பழைய கம்பெனியின் அக்கவுன்ட் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

அங்கேயும் ஒன்றும் இல்லை, உங்களைத் தவிர அந்தக் கணினிக்கு வேறு அட்மினிஸ்ட்ரேட்டரும் இல்லை, ஆனாலும் அந்த வரி இருக்கிறது என்றால், ஏதோ ஒரு புரோகிராம் அந்த இடத்தில் உட்கார்ந்து விதி போட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சமீபத்தில் விண்டோஸையோ ஆஃபீஸையோ திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் 'ஆக்டிவேட்டர்' எதையாவது ஓட்டினீர்களா? கிராக் செய்த கேம் போட்டீர்களா? இவற்றோடு வரும் குறிப்பில் 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று எழுதியிருக்கும். நாமே கதவைத் திறந்துவிட்ட அந்தச் சில நிமிடத்தில் உள்ளே வந்த மால்வேர், கதவை மறுபடி சாத்த முடியாதபடி செய்துவிடுகிறது. கடையில் பழைய கணினி வாங்கியவர்களுக்கும், ஃபார்மேட் செய்யக் கொடுத்து வாங்கியவர்களுக்கும் தாங்கள் அறியாமலே இது நடந்திருக்கலாம்.

சந்தேகம் வந்தால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்', அதில் 'மேனேஜ் செட்டிங்ஸ்', அதன் அடிப்பகுதியில் 'ஆட் ஆர் ரிமூவ் எக்ஸ்க்ளூஷன்ஸ்'. டிஃபெண்டர் எதையெல்லாம் சோதிக்கக் கூடாது என்ற பட்டியல் இது. சாதாரண வீட்டுக் கணினியில் இது காலியாக இருக்க வேண்டும். 'சி' டிரைவ் முழுவதுமோ, 'டெம்ப்' ஃபோல்டரோ, அர்த்தமில்லாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபைலோ அங்கே இருந்தால், நீங்கள் சேர்க்காத பட்சத்தில் அது மால்வேர் போட்டதுதான். ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷனை ஆன் செய்துவிட்டு இந்தப் பட்டியலைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம். அப்படி விட்டால் பச்சை டிக் தெரியும், காவல் இருக்காது. முதலில் அந்தப் பட்டியலை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

அடுத்தது 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் இருக்கும் 'ஆஃப்லைன் ஸ்கேன்'. திறந்திருக்கும் வேலைகளை சேவ் செய்துவிட்டு இதைக் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் மால்வேர் இந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்காது என்பதால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். டிஃபெண்டரே திறக்கவில்லை என்றால், நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'சேஃப்டி ஸ்கேனர்' இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், அதனால் பழைய பிரதியை வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

சுத்தம் செய்த பிறகுதான் ரெஜிஸ்ட்ரி. மால்வேர் உள்ளே இருக்கும்போது இதைத் திருத்தினால், அது மறுபடி எழுதிவிடும். 'ரெஜ்எடிட்' திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர் என்ற வரிசையில் உள்ளே போங்கள். அந்த ஃபோல்டரை 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'டிஸேபிள் ஆன்டிஸ்பைவேர்' என்றோ, உள்ளிருக்கும் 'ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன்' பகுதியில் 'டிஸேபிள்' என்று தொடங்கும் பெயர்களோ இருந்தால் அவற்றை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறெதையும் தொட வேண்டாம். இது கை நடுங்கும் வேலையாகத் தோன்றினால், விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். 'நாங்கள் மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்' என்று ஃபோன் செய்து எனிடெஸ்க் போடச் சொல்பவரிடம் மட்டும் ஒருநாளும் கணினியைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி ஏமாந்து பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

வைரஸும் இல்லை, விதியும் இல்லை, விண்டோஸ் செக்யூரிட்டி வெற்றுத் திரையாக நிற்கிறது என்றால் ஃபைல் பழுது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியை ரைட் கிளிக் செய்து, 'ஆப் செட்டிங்ஸ்' போய், முதலில் 'ரிப்பேர்', பிறகு 'ரீசெட்' கொடுத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எஃப்சி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஸ்கேன்நௌ என்று சேர்த்து எழுதி என்டர் தட்டுங்கள். பழுதான விண்டோஸ் ஃபைலைத் தேடி மாற்றும் கட்டளை அது. முடியும்வரை ஜன்னலை மூடாதீர்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியிலேயே இருக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பட்டன் மட்டும் ஆன் ஆகவில்லை என்றால் அது வேறு கதை. ஏதோ ஒரு பழைய டிரைவர் ஒத்துவரவில்லை என்று பொருள். எந்த டிரைவர் என்று அங்கேயே பெயரோடு காட்டும். அதை அப்டேட் செய்யுங்கள், அல்லது பயன்படுத்தாத பழைய பிரின்டருடையது என்றால் நீக்கிவிடுங்கள்.

எல்லாம் செய்து பட்டன் ஆன் ஆகிவிட்டது. உண்மையிலேயே வேலை செய்கிறதா? இதற்கென்றே ஐகார் அமைப்பின் சோதனை ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, எந்தக் கெடுதலும் செய்யாத ஃபைல். ஆன்டிவைரஸ் எல்லாம் அதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐகார் தளத்திலிருந்து இறக்கும்போது டிஃபெண்டர் தடுத்து எச்சரிக்கை காட்டினால் காவல் திரும்பிவிட்டது. உடனே 'டேம்பர் ப்ரொடெக்‌ஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப் புரோகிராம்கள் டிஃபெண்டரின் செட்டிங்கை மாற்றாமல் தடுப்பது அதுதான். மால்வேர் பிடிபட்டிருந்தால், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் திருடு போயிருக்கலாம். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன் ஆன் ஆகவில்லை, அல்லது ஆன் ஆகி மறுநாளே ஆஃப் ஆகிறது என்றால் இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை. ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுங்கள். பழைய செட்டப் ஃபைல்களையும் அந்த ஆக்டிவேட்டரையும் மட்டும் கூடவே எடுத்துவராதீர்கள்.