தகரக் கொட்டகைக்கு வெப்பக்காப்பு: மாசி, பங்குனி மாதங்களுக்கான ஆலோசனை

மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் பிறக்குமுன், மழை ஓய்ந்து கூரை உலர்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களே, தமிழ்நாட்டில் தறிக்கூடமாகவும் தையற்கூடமாகவும் மொட்டைமாடி அறையாகவும் பயன்படும் தகரக் கொட்டகைகளுக்கு வெப்பக்காப்பு அமைக்க உகந்த காலமாகும். உச்சி வெயிலில் தகரத்தின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸைக் கடப்பது இயல்பு. அதன்கீழ் உழைப்போரை வருத்துவது சூடேறிய காற்று மட்டுமன்று, தகரத்தின் அடிப்பரப்பிலிருந்து நேரே இறங்கும் வெப்பக் கதிர்வீச்சுமாகும் என்பதால், மின்விசிறிகளைக் கூட்டுவதால் மட்டும் அத்துன்பம் தீராது.

முதற்கண் கூரையின் மேற்புறத்தைச் செப்பனிடுதல் வேண்டும். தளர்ந்த திருகாணிகளை இறுக்கி, வெடித்த ரப்பர் வாஷர்களை மாற்றி, துருவைச் சுரண்டிப் பிரைமர் அடித்தபின், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கூரைப்பூச்சை இருமுறை பூச வேண்டும். மிகுதியாகச் செலவிட இயலாதோர் இவ்வொன்றை மட்டுமேனும் செய்துகொள்வது நல்லது. கீற்று வேய்வது குளிர்ச்சி தரும் என்பது உண்மையே. ஆயினும் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்ததை அறிந்த எவரும், மனிதர் கூடும் இடத்திற்கு அதனைப் பரிந்துரைக்க இயலாது.

அடுத்து வருவது காப்புப்பொருள், அதாவது நுண்ணிய காற்றறைகளைத் தன்னுள் அடக்கி வெப்பம் எளிதில் கடவாதவாறு தடுக்கும் பொருள். 50 மி.மீ. தடிப்புள்ள ராக்வூல் தீப்பற்றாது, ஐப்பசி மழையின் இரைச்சலையும் தணிக்கும். ஆனால் நனைந்தால் காப்புத்திறனை இழந்துவிடும் என்பதாலேயே ஒழுகல் அடைப்பு முன்னதாக முடிந்திருக்க வேண்டும். தெர்மாகோல் விலை மலிந்தது, எனினும் எளிதில் எரிந்து கரும்புகை கக்குவதால், வெல்டிங் நடக்கும் இடத்தில் அதனைத் தவிர்த்து, பிற இடங்களில் பலகையால் முழுதும் மூடிவிட வேண்டும். கதிர்வீச்சைத் தடுக்கும் அலுமினியத் தாளின் பளபளப்பான முகம் குறைந்தது 25 மி.மீ. காற்றிடைவெளியை நோக்கியிருக்க வேண்டும். தகரத்திற்கும் பலகைக்கும் இடையே இறுக்கி ஒட்டப்பட்ட தாளால் பயன் ஏதுமில்லை.

மார்கழி இரவுகளில் தகரம் வானை நோக்கித் தன் வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், உள்ளிருக்கும் ஈரக்காற்று அதனைத் தொட்டு நீர்த்துளிகளாகப் படிந்து சொட்டும். காப்புப்பொருளுக்குக் கீழே விரிக்கும் தாளின் இணைப்புகளை நாடாவால் அடைத்துவிட்டால் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம்.

உட்சுவருக்கு, ஈரத்தில் ஊறிக் கெடும் ஜிப்சம் போர்டைவிடச் சிமெண்ட் போர்டே ஏற்றது. கரையானும் அதனை அரிக்காது. சுவரின் அடியிலும் கூரை முகட்டிலும் உள்ள காற்றுத் திறப்புகளை எக்காரணம் கொண்டும் அடைக்கலாகாது. பலகைகளைப் பொருத்துமுன் மின்கம்பிகள் அனைத்தையும் குழாய்க்குள் செலுத்திவிட வேண்டும், ஏனெனில் பி.வி.சி. உறையுடைய கம்பி தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், உறைக்கு நெகிழ்வு தரும் சேர்மம் வெளியேறி, நாளடைவில் அது விறைத்து வெடிக்கும்.