சீகோங்கா, மனவளக்கலையா, விபாசனாவா? சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

உடம்பையும் மனத்தையும் அமைதிப்படுத்தச் சொல்லித்தர சிங்கப்பூரில் ஆளில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. விடியற்காலையில் எந்தப் பேட்டைக்குப் போனாலும், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் சீன முதியவர்கள் மெல்லிய இசைக்கு ஏற்பக் கைகளை உயர்த்திக்கொண்டிருப்பார்கள். சமூக மன்றங்களில் தைச்சி, யோகா வகுப்புகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மனவளக்கலையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். போதாததற்குக் கைப்பேசியில் நூறு செயலிகள். இத்தனையிலும் எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். இரண்டு வாரம் இது, ஒரு மாதம் அது என்று மாற்றிப் பார்த்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று கைகழுவியவர்கள் ஏராளம்.

எந்த முறை உயர்ந்தது என்ற பேச்சுக்கு முடிவே கிடையாது. உங்களை வாட்டும் தொல்லை எது, உங்களுக்குக் கிடைக்கும் கால்மணி நேரம் எப்போது, அது எந்த இடத்தில் என்ற மூன்றையும் பார்த்தால், தேர்வு தானாகவே இரண்டு மூன்று முறைகளுக்குள் சுருங்கிவிடும்.

தொல்லை எது?

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தும் தோளும் இறுகிப்போனவரை, காலையிலும் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் வலிதான் மிஞ்சும். அவருக்கு அசைவு வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்தவருக்கு உட்காருவதே பாதி மருந்து. படுத்ததும் கணக்குவழக்கு எல்லாம் வரிசைகட்டி வருகிறது என்பவருக்கு, மனத்தைப் பிடித்துவைக்க ஒரு காட்சியோ உடலுணர்வோ தேவை. தடுமாறி விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் முதியவருக்கு மூச்சைவிடக் கால்தான் முதலில் பலப்பட வேண்டும்.

சீகோங்: தொடங்குவதற்கு எளிது

மெதுவான அசைவையும் மூச்சையும் இணைக்கும் சீனப் பயிற்சிதான் சீகோங். அதில் வகைகள் பல. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாதுவான்ஜின். எட்டே அசைவுகள். சோங் அரசமரபுக் காலம் முதல் நூல்களில் பேசப்படும் இந்தப் பயிற்சியை, சீன உடல்நல சீகோங் சங்கம் 2003இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. முழுவதையும் செய்ய ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும். கருவி வேண்டாம், காலணி வேண்டாம், கைகளை நீட்டும் அளவுக்கு இடம் போதும்.

முதல் அசைவைப் பாருங்கள். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி நிற்கவேண்டும். வயிற்றுக்கு முன்னால் விரல்களைக் கோத்து, மூச்சை இழுத்தபடி கைகளை நெஞ்சுவரை கொண்டுவந்து, உள்ளங்கையைத் திருப்பி உச்சிக்கு மேலே தள்ள வேண்டும். விலா இரண்டும் விரியும். அங்கே ஒரு நொடி நின்று, மூச்சை விட்டபடி கைகளைப் பக்கவாட்டில் இறக்க வேண்டும். மேசை வேலைக்காரர்களுக்கு இந்த ஒன்றிலேயே பலன் தெரியும். கடைசி அசைவில், நுனிக்காலில் எழும்பிக் குதிகாலைப் பொத்தென்று தரையில் விடவேண்டும், ஏழு முறை. புளோக் வீட்டில் இருப்பவர்கள் இதற்கு மட்டும் தடித்த பாய் ஒன்றை விரித்துக்கொள்வது நல்லது. காலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டாருக்கு அது பயிற்சியாகக் கேட்காது!

கழுத்து, தோள், முதுகு இறுக்கம் உள்ளவர்களுக்கும், உட்கார்ந்தால் மனம் நிலைகொள்ளாதவர்களுக்கும் இது பொருந்தும். முழங்கால் தேய்ந்தவர்கள் ஐந்தாவது அசைவில் தாழ்ந்து உட்காரக் கூடாது. இரத்த அழுத்தமோ தலைசுற்றலோ இருப்பவர்கள் ஆறாவதில் தலையைத் தொங்கவிட்டுக் குனியக் கூடாது.

புளோக் கீழ்த்தளக் குழு ஒன்றில் சேர நினைத்தால் மொழி தடையாகாது. பயிற்றுநர் சீனத்தில் பேசினாலும், பார்த்துப் பின்பற்றுவதுதான் அங்கே பாடம். ஓரமாக நின்று ஒரு புன்னகை, "செய்யலாமா?" என்று ஒரு சைகை, பெரும்பாலும் அதுவே போதும்.

"இதெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது" என்று, 2011இல் அவரைப் பற்றிய 'ஏழாம் அறிவு' படம் வந்தபிறகு பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவது யிஜின்ஜிங் என்னும் வேறொரு சீகோங் வரிசை. அந்த நூல் 1624ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்கள் முடிவு. போதிதர்மர் காலமோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. நம்மூர்ச் சரக்கு என்ற பெருமைக்காக ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

தைச்சி: பொறுமையுள்ளவர்களுக்கு

எளிமையாக்கப்பட்ட 24 அசைவுத் தைச்சியைச் சீன விளையாட்டு ஆணையம் 1956இல் வகுத்தது. செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம்தான். ஆனால் வரிசை மனத்தில் பதியச் சில மாதங்கள் பிடிக்கும், ஆசிரியரும் வேண்டும். முதியவர்களுக்கு இதன் பலன் பெரிது. 2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரில் தைச்சி பழகியவர்கள், வெறும் தசைநீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். விழுவதைப் பற்றிய அச்சம் இருந்தால் சீகோங்கைவிட இதையே எடுங்கள். ஒரு மாதத்தில் பலன் தெரியவேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

மனவளக்கலை: தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு

கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, எளியமுறை உடற்பயிற்சியையும் தவத்தையும் ஒரே பாடத்திட்டமாக அமைத்தார். கை, கால், மூச்சு, கண் என்று தொடங்கி, உடலைத் தேய்த்துவிடுதல், ஓய்வுப் பயிற்சி வரை அது போகும். அசைவும் அமர்வும் ஒன்றாக இருப்பதில் இது சீகோங்குக்கு மிக அருகில் வரும். தவத்தை ஆசிரியர் முன்னிலையில் தீட்சை பெற்றே தொடங்குவார்கள். புருவ மத்தியில் மனத்தை நிறுத்தும் ஆக்கினைத் தவம், அதனால் எழும் சூட்டைத் தணிக்க மூலாதாரத்தில் நிறுத்தும் சாந்தித் தவம் என்று படிப்படியாகப் போகும்.

விளக்கம் முழுவதும் தமிழில் இருப்பது இதன் பெரிய பலம். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மா, அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. முழு உடற்பயிற்சிக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டியிருப்பது பலவீனம். காலை ஏழு மணிக்கு எம்ஆர்டி பிடிக்கவேண்டியவர்கள் கைப் பயிற்சியையும் மூச்சுப் பயிற்சியையும் மட்டும் தினமும் செய்து, மற்றவற்றை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

விபாசனாவும் மைண்ட்ஃபுல்னஸும்: நேரே மனத்துக்குப் போகிறவர்களுக்கு

மாண்டலேயில் பிறந்து, 1969இல் இந்தியா வந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கிய எஸ்.என்.கோயங்காவின் விபாசனா, 10 நாள் மௌன முகாமில்தான் தொடங்கும். சிங்கப்பூரருக்கு அருகிலுள்ள நிலையம் மலேசியாவின் பகாங் மாநிலத்தில் கம்பாங்கில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் முகாம் நடக்கிறது. விடுப்பு எடுக்க முடிகிறவர்களுக்கு, ஆழமாகக் கற்க இது நல்ல வழி. ஆனால் திரும்பி வந்தபின் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். மனத்தில் காட்சி எதையும் உருவாக்கக் கூடாது, இருக்கும் மூச்சையும் உடலுணர்வையும் உள்ளபடி கவனிக்க வேண்டும் என்பது இதன் கட்டளை. காட்சித் தியானம் பிடித்தவர்கள் இந்தக் கதவைத் தட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் 1979இல் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் பாடம் எட்டு வாரம் நடக்கும். வேலையை விடாமல் படிக்கலாம். சமயச் சாயல் இல்லாததால் எந்த நம்பிக்கையைச் சேர்ந்தவரும் தயங்காமல் சேரலாம். தியான ஆய்வுகள் 47ஐ ஒன்றாக வைத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான நன்மை தெரிவதாகச் சொன்னது; உடற்பயிற்சியைவிடவோ மருந்தைவிடவோ மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதுவே சொன்னது. எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் காட்சியை நினைப்பது?

சீகோங், மனவளக்கலை, பொதுவான தியானம் எதோடும் ஒரு காட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வகை உண்டு.

ஒன்று, சுடர். 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையில் வள்ளலார் ஜோதி வழிபாட்டை அமைத்த நாட்டவர்க்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லெண்ணெய் விளக்கை ஒரு நிமிடம் பார்த்து, கண்ணை மூடி, அந்த உருவம் மங்கும்வரை கவனித்திருங்கள். மனம் அலைபாய்கிறவர்களுக்கு இது பிடிமானம். ஆனால் தலைவலி உள்ளவர்களுக்கும், இரவில் தூங்குமுன் செய்கிறவர்களுக்கும் ஏற்றதல்ல.

இரண்டு, இடம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை, காலாங் நதியோரம், ஊர்க் குளத்துப் படித்துறை என்று நீர்நிலை எதுவும் பொருந்தும். இந்த ஈரவெக்கைக்கு நீர்க் காட்சி இதமும் கூட. ஒரு விதி: காட்சியில் ஆள் வேண்டாம். வேலைக்காக வந்திருப்பவர்கள் சொந்த வீட்டுத் திண்ணையை நினைத்தால், அடுத்த மூச்சில் தங்கை கல்யாணமும் அடைக்காத கடனும் வந்து நிற்கும்.

மூன்று, உடல் வழியே இறங்கும் கதகதப்பு. உச்சியிலிருந்து முகம், தோள், வயிறு, உள்ளங்கால் என்று இளஞ்சூடான நீர் வழிவதாக நினைப்பது. சீகோங்கில் அதைத் தொப்புளுக்குக் கீழே தங்கவிட்டு முடிப்பார்கள். கைகால் கனக்கிறது, சூடாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பயிற்சியை ஜெர்மன் மருத்துவர் யோகன்னஸ் ஷுல்ட்ஸ் 1932இல் வெளியிட்டார். தூக்கம் வராதவர்களுக்கு மூன்றில் இதுவே முதல் தேர்வு.

கண்ணை மூடினால் இருட்டுதான், எதுவும் தெரியவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். மனத்தில் உருவமே தோன்றாத மனிதர்கள் இருக்கிறார்கள். 2015இல் பிரிட்டிஷ் நரம்பியலாளர் ஆடம் ஸீமன் இந்த இயல்புக்குப் பெயரே வைத்தார். அவர்கள் மழைச் சத்தத்தையோ, தரையில் அழுந்தும் பாதங்களின் கனத்தையோ பிடித்துக்கொள்ளலாம்.

எப்போது, எங்கே?

ஊர்ப் புத்தகங்கள் பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்லும். கதிரவன் எழுவதற்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது அது. சிங்கப்பூரின் கடிகாரம் 1982 முதல் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. இங்கே விடிவதே ஏழு மணிவாக்கில். ஆகவே நம் கணக்கில் அது சுமார் 5.25 முதல் 6.15 வரை. நான்கரை மணிக்கு அலாரம் வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

லிட்டில் இந்தியாவைச் சுற்றி இருப்பவர்களுக்கு, சிலிகி பக்கம் ஏறினால் எமிலி மலைப் பூங்கா. சிராங்கூன் சாலை இரைச்சல் அங்கே எட்டாது. 1855இல் எழுந்த சீனிவாசப் பெருமாள் கோயில் பிராகாரம் வார நாள் காலையில் உட்கார ஏற்றது. ரேஸ் கோர்ஸ் சாலையில் 15 மீட்டர் புத்தர் சிலையுள்ள சாக்கிய முனி புத்த கயா ஆலயமும் பக்கத்தில்தான். கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த வட்டாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்; அன்று தாவரவியல் பூங்கா, காலை 5 மணிக்கே திறந்திருக்கும். இடி மழை என்றால் புளோக் கீழ்த்தளம்தான் பத்திரம். தங்கும் விடுதியில் பலரோடு அறையைப் பகிர்பவர்களுக்குப் படுக்கையிலேயே செய்யக்கூடிய கதகதப்புக் காட்சியைவிட எளியது வேறில்லை.

யார் நிதானிக்க வேண்டும்?

மூச்சை அடக்கும் பயிற்சிகளை இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் நீண்ட மௌன முகாம்களையும் மணிக்கணக்கான சீகோங்கையும் தவிர்ப்பது நல்லது. அளவுமீறிய சீகோங் பயிற்சிக்குப் பின் வரும் மனக்குழப்பத்தை அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994ஆம் ஆண்டுக் கையேடே குறிப்பிட்டிருக்கிறது. பயிற்சியின்போது அச்சமோ படபடப்போ கூடினால் கண்ணைத் திறந்து, எழுந்து நடந்து, அன்றைக்கு அதோடு விடுங்கள். அந்தப் படபடப்பு நீடித்தால் தேசிய மனநல உதவி எண் 1771ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

முடிவு எடுக்க

அலுவலகக்காரர்: காலையில் பாதுவான்ஜின், பின் ஐந்து நிமிடம் நீர்க் காட்சி. தூக்கமில்லாதவர்: மாலையில் மெதுவான நடை, படுக்கையில் கதகதப்பு. தமிழில் மட்டும் கேட்க விரும்பும் பெரியவர்: மனவளக்கலை. விழ அஞ்சும் முதியவர்: சமூக மன்றத்தில் தைச்சி. ஆழமாகப் போக நினைப்பவர்: முதலில் எட்டு வாரப் பாடம், பிறகு பத்து நாள் முகாம்.

ஓர் அசைவு, ஓர் அமர்வு, ஒரு காட்சி என்று எடுத்து, எட்டு வாரம் மாற்றாமல் செய்யுங்கள். தவறிய நாளை அடுத்த நாளில் ஈடுகட்ட வேண்டாம். எட்டு வாரம் ஆனதும், ஒளி தெரிந்ததா, உடம்பு சிலிர்த்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்: "நான் கத்துவது குறைந்திருக்கிறதா?" அவர்கள் யோசிக்காமல் ஆமென்றால், உங்கள் தேர்வு சரி. தயங்கினால், பட்டியலில் அடுத்ததை எடுங்கள்.