குதிரையேற்றப் போட்டி: கூடுவது எது, கூடாதது எது?

விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்று ஒதுக்குவோர் நம் இல்லங்களில் உண்டு. விளையாட்டுத்தானே என்று எதையும் அனுமதித்து விடுவோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே மார்க்கம் காட்டும் நேரிய வழி ஒன்று இருக்கிறது. அதை விளங்கிக் கொள்ளக் குதிரையேற்றம் மிகப் பொருத்தமான பாடமாகும். ஏனெனில், பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே முன்னின்று நடத்திய போட்டி அது.

இன்று பெருநகரங்கள் பலவற்றில் குதிரையேற்றப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. விடுமுறைக் காலங்களில் சில நாள் பயிற்சி முகாம்களும் நடத்தப்படுகின்றன. தேர்ந்த ஆசிரியர் ஒருவர், மாணவர்களை ஒவ்வொருவராக ஏறச் செய்து, அமரும் முறையையும், கடிவாளம் பிடிக்கும் கையையும், அங்கவடியில் கால் நிற்கும் நிலையையும் கவனித்துத் திருத்துகிறார். பயிற்சி பெற்றவர்களுக்கு ஓட்டம், தடை தாண்டல் முதலிய போட்டிகளும் பரிசுகளும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் இவற்றில் சேர ஆசைப்படுகிறார்கள். சேர்க்கலாமா? கட்டணம் கட்டிப் பரிசு பெறலாமா? இக்கேள்விகளுக்கு விடை காண்போம்.

மதீனாவில் நடந்த பந்தயம்

ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைகளை இரு வகையாகப் பிரித்துப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சியால் உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். அவ்விதம் பயிற்றப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் கூட்டத்தாரின் பள்ளிவாசல் வரை மட்டுமே. முன்னது 5 அல்லது 6 மைல், பின்னது 1 மைல் என்று அறிவிப்பாளர் சுஃப்யான் (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். அந்தப் பந்தயத்தில் ஓடியவர்களில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர்.

குதிரையை இவ்வாறு இறுக்கும் பயிற்சிக்கு அரபியில் 'இள்மார்' என்று பெயர். முதலில் குதிரைக்கு நிறையத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பிறகு தேவையான அளவுக்குத் தீனியைக் குறைத்து, லாயத்தில் நிறுத்தி, மேலே துணிகளைப் போர்த்தி வியர்க்க வைப்பார்கள். வேண்டாத சதை கரைந்து, உடல் உரமேறி, ஓட்டத்துக்கு ஏற்றதாகிவிடும்.

இந்த ஒரு ஹதீஸில் நமக்கு மூன்று படிப்பினைகள் கிடைக்கின்றன. ஒன்று, தொடக்கமும் முடிவும் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். இரண்டு, சமமானவற்றைச் சமமானவற்றோடுதான் போட்டியிடச் செய்ய வேண்டும். மூன்று, பயிற்சியற்ற பிராணியின் மீது தாங்க முடியாத தூரத்தைச் சுமத்தக் கூடாது. போட்டியின் நீதியும் பிராணியின் மீதான இரக்கமும் இங்கே ஒன்றாகவே கற்பிக்கப்படுகின்றன.

நிய்யத்தே முதற்படி

குதிரை மூவருக்கு மூன்று விதமாக அமைகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அல்லாஹ்வின் பாதைக்காக வளர்ப்பவருக்கு அது நற்கூலி. பிறரிடம் கையேந்தாமல் கண்ணியமாக வாழ வளர்த்து, அதில் அல்லாஹ்வுக்குரிய கடமையையும் மறவாதவருக்கு அது வறுமையை மறைக்கும் திரை. பெருமைக்கும் பகட்டுக்கும் வளர்ப்பவருக்கோ அது பாவச் சுமை. குதிரை ஒன்றுதான். வளர்ப்பவரின் எண்ணமே அதைக் கூலியாகவோ சுமையாகவோ ஆக்குகிறது.

ஒருவர் தம் குதிரையைப் பழக்குவதையும், அம்பெய்வதையும், தம் மனைவியோடு விளையாடி மகிழ்வதையும் வீணான விளையாட்டுகளின் கணக்கில் பெருமானார் (ஸல்) அவர்கள் சேர்க்கவில்லை. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்றுக் கொடுக்குமாறு சொல்லும் வாசகத்தை மேடைகளில் நபிமொழியாகச் சொல்லக் கேட்கிறோம். அது ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் கூற்றாகவே பெரிதும் அறியப்படுகிறது. யார் சொன்னதை யார் பெயரில் சொல்கிறோம் என்பதிலும் நமக்குப் பேணுதல் வேண்டும்.

பரிசு எப்போது ஹலால், எப்போது சூது?

போட்டிக்குப் பரிசு வைப்பது அம்பு, ஒட்டகம், குளம்புடைய பிராணி ஆகியவற்றிலேயே ஆகும் என்பது நபிமொழி. குளம்புடையது என்பதில் குதிரை அடங்குகிறது. ஆகவே குதிரைப் போட்டியில் பரிசு என்பதே தவறல்ல. பரிசுப் பணம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதே கேள்வி. ஃபிக்ஹு நூல்கள் தரும் விளக்கத்தை எளிய உதாரணத்தால் பார்ப்போம்.

ஊர் ஜமாஅத்தோ, அரசோ, போட்டியில் ஓடாத ஒரு செல்வந்தரோ 'வெல்பவருக்கு இவ்வளவு' என்று தருவதாக வைத்துக் கொள்வோம். இது கூடும். இருவர் ஓடும்போது அவர்களில் ஒருவர் மட்டும், "நீர் வென்றால் நான் ஆயிரம் ரூபாய் தருகிறேன், நான் வென்றால் நீர் ஒன்றும் தர வேண்டாம்" என்கிறார். நம் நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் இதுவும் கூடும். ஆனால் இருவருமே ஆளுக்கு ஆயிரம் வைத்து, வென்றவர் இரண்டாயிரத்தையும் எடுத்துக் கொள்வது என்றால் அது சூது. ஒருவருடைய லாபம் மற்றவருடைய நஷ்டத்திலிருந்தே பிறக்கிறது.

இருவரும் பணம் வைத்த நிலையில், பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவர், வெல்லக்கூடிய தகுதியுள்ள குதிரையோடு சேர்ந்தால் அது சூதிலிருந்து நீங்கி விடும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ, ஹன்பலீ இமாம்களின் கருத்து. இம்மூன்றாமவருக்கு 'முஹல்லில்' என்று பெயர். அவருடைய குதிரை தோற்பது உறுதியான நோஞ்சானாக இருந்தால் அவரைச் சேர்ப்பதில் பயனில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இந்த வழியை ஏற்கவில்லை.

இப்போது நுழைவுக் கட்டணத்துக்கு வருவோம். அது திடல், நடுவர், கால்நடை மருத்துவர் ஆகிய செலவுகளுக்கான கூலியாக இருந்து, பரிசை வெளியார் ஒருவர் தந்தால் அதில் தடையில்லை. எல்லோரும் கட்டிய பணத்தையே திரட்டி வென்றவருக்குக் கொடுப்பதானால், பெயர் கட்டணம் என்றாலும் உருவம் சூதுதான். பணம் கட்டுமுன் நடத்துபவரிடம் இதைக் கேட்டறிவது தகப்பனாரின் கடமை. வெட்கப்பட வேண்டியதில்லை. விடை தெளிவாக இல்லையெனில் ஊர் ஆலிமிடம் விவரத்தைச் சொல்லி ஃபத்வா பெறுக.

சட்டம் வேறு, மார்க்கம் வேறு

குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1974-இல் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த விளையாட்டே, சூதாட்டமன்று என்று 1996-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'நீதிமன்றமே சொல்லிவிட்டதே' என்று பந்தயச் சீட்டு வாங்குவோர் உண்டு. நாட்டின் சட்டம் எது தண்டனைக்குரியது என்று பார்க்கிறது. மார்க்கமோ பணம் எவ்வழியில் கைமாறுகிறது என்று பார்க்கிறது. பார்வையாளர் குதிரை ஏறுவதுமில்லை, அதைப் பழக்குவதுமில்லை. தம் பணத்தை வைத்துப் பிறர் பணத்துக்குக் காத்திருக்கிறார். மது, சூது இரண்டையும் ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என்று திருக்குர்ஆன் 5-ஆம் அத்தியாயம் 90-ஆம் வசனத்தில் கண்டித்திருப்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை குடும்பங்களின் அடுப்பு இதனால் அணைந்திருக்கிறது!

வாயில்லா ஜீவனின் உரிமை

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துக் கொண்டிருந்தார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, குதிரையின் விஷயத்தில் இரவில் தாம் கண்டிக்கப்பட்டதாகக் கூறினார்கள். இது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படுகிறது. பிராணியின் முகத்தில் அடிப்பதையும் சூடு போடுவதையும் தடுத்தார்கள். பந்தயத்தில் பின்னாலிருந்து கூச்சலிட்டுக் குதிரையை விரட்டும் 'ஜலப்', களைக்கும்போது மாறி ஏறுவதற்காக வேறொரு குதிரையைப் பக்கத்தில் ஓட்டி வரும் 'ஜனப்' ஆகிய இரண்டையும் விலக்கினார்கள். சாட்டையை அளவு மீறிப் பயன்படுத்துவோரை இன்றைய சர்வதேசக் குதிரையேற்ற விதிகளும் தண்டிக்கின்றன.

நம் தமிழகத்துக்கும் இதில் பாடமுண்டு. பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்திறங்கின. ராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரர் என்ற பொருளுடையது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இறக்குமதியான குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிப்பு அறிந்தோர் இல்லாமையால் மடிந்தன என்று எழுதியிருக்கிறார். மீண்டும் மீண்டும் விற்பதற்காகவே வணிகர்கள் குதிரை வைத்தியர்களை வர விடவில்லை என்றும் குறை கூறுகிறார். விலை கொடுத்து வாங்கினால் மட்டும் போதாது. பேணும் கல்வியும் வேண்டும். ஆகவே, முகாமுக்குச் செல்லும் பிள்ளை ஏறக் கற்பதற்கு முன் தேய்த்து விடவும், தண்ணீர் காட்டவும், குளம்பைச் சுத்தம் செய்யவும் கற்கட்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

தலைக்கவசமின்றி ஏற விடாதீர்கள். உடலோடு ஒட்டிய சவாரி உடையின் மீது தளர்ந்த நீண்ட மேலாடை அணியச் செய்யுங்கள். பெண்மக்கள் கற்க விரும்பினால் ஹிஜாபுக்கும் தனிமைக்கும் வசதியுள்ள இடமா என்று பாருங்கள். ஏறும்போது பிஸ்மில்லாஹ் கூறி, ஸூரத்துஸ் ஸுக்ருஃபில் வரும் வாகன துஆவை ஓதப் பழக்குங்கள். போட்டியின் பரபரப்பில் ளுஹரும் அஸரும் தவறிவிடக் கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் நஃபில் தொழுகையை வாகனத்தின் மீதே தொழுதார்கள். பர்ளு தொழுகைக்கோ இறங்கி, கிப்லாவை முன்னோக்கி நின்றார்கள்.

தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கு ஒரு வரலாற்றைச் சொல்லுங்கள். அண்ணலாரின் அழ்பா என்ற ஒட்டகம் பந்தயத்தில் பின்தங்கியதே இல்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். முஸ்லிம்களுக்கு அது பெரும் வருத்தமாயிற்று. அண்ணலாரோ, உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று உணர்த்தினார்கள். அந்தக் கிராமவாசி மீது கோபமில்லை, மறுபந்தயக் கோரிக்கையும் இல்லை. வெற்றியில் செருக்கும் தோல்வியில் பகையும் கொள்ளாத உள்ளமே நம் பிள்ளைகள் பெற வேண்டிய உண்மையான பரிசு.

ஹலாலான விளையாட்டை ஹலாலான முறையில் நடத்தவும், வாயில்லா ஜீவன்களின் உரிமையைப் பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.