பிஞ்சுக்கு எத்தனை பெயர்!

மட்டாஞ்சேரியில் எங்கள் வகுப்பு. ஓர் அக்கா சொன்னார்: "எனக்கு என்ன தெரியும் தம்பி? நான் கைநாட்டு."

"மாம்பிஞ்சுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.

"வடு."

தென்னம்பிஞ்சு? "குரும்பை." வாழைப்பிஞ்சு? "கச்சல்." பலாப்பிஞ்சு? "மூசு."

மூசு என்ற சொல்லை நான் அன்றுதான் கேட்டேன்!

இலையும் அப்படித்தான். வாழைக்கு இலை. தென்னைக்கு ஓலை. தாழைக்கு மடல். கரும்புக்குத் தோகை. பெயரைச் சொன்னாலே வடிவம் தெரியும்.

இங்கே கடைகளில் சுக்கு பார்த்திருப்பீர்கள். சுக்கு என்பது காய்ந்த இஞ்சி. இஞ்சி வேர் அல்ல. அது மண்ணுக்குள் வளரும் தண்டு. அதில் கணு உண்டு. கணுவில் முளை வரும். வேரில் கணு இராது.

மருந்துக்கு உறுப்பின் பெயர் முக்கியம். ஒரு செடியின் பழத்தைத் தின்னலாம். அதன் விதை நஞ்சாக இருக்கலாம்.

கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராக வான் ரீட் இருந்தார். மலபார் செடிகளைப் பற்றி நூல் செய்தார். அவருக்குச் செடிகளைச் சொன்னவர் யார்? இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். கொங்கணி வைத்தியர் மூவரும் உதவினார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 பாகங்கள் அச்சாயின. நூலின் பெயர் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’. படங்களில் செடியின் மலையாளப் பெயரும் உண்டு.

இதைக் கேட்டதும் அக்கா பலகையை எடுத்தார். ‘மூசு’ என்று எழுதினார்.

நீங்களும் எழுதுங்கள்: வடு, குரும்பை, கச்சல், மூசு.